வேகத்தில் தடுப்பு தாண்டும் குதிரை: ஓட்டுவதும் பழக்குவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் மாதம் இங்கிலாந்தின் லிவர்பூல் பக்கத்தில் ஏன்ட்ரீ மைதானத்தில் கிராண்ட் நேஷனல் என்ற தடுப்பு தாண்டும் குதிரைப் பந்தயம் நடக்கும்போதெல்லாம் இந்த விளையாட்டைப் பற்றி நம்மவர்களுக்கும் ஆர்வம் வந்துவிடுகிறது. முப்பதுக்கு மேற்பட்ட குதிரைகள் ஒரே கூட்டமாக வந்து நெஞ்சுயர வேலியைத் தாண்டுவதைப் பார்த்துவிட்டுக் கேட்கிற கேள்விகளுக்குத்தான் இங்கே பதில். பெரும்பாலும் ஸ்டீபிள்சேஸ் எனப்படும் இந்த வகைப் பந்தயம் பற்றித்தான். அரங்குக்குள் கம்புத் தடுப்புகளைத் தாண்டும் ஷோ ஜம்பிங், திறந்தவெளியில் தடுப்புகளைத் தாண்டி ஓடும் கிராஸ் கன்ட்ரி பற்றித் தேவையான அளவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஸ்டீபிள்சேஸ் என்பது கிண்டி ரேஸ் மாதிரிதானே?

ஓடுவது பந்தயத்துக்கென்றே வளர்க்கும் அதே தரோபிரெட் இனம்தான், ஆனால் ஆட்டம் வேறு. கிண்டியிலும் ஊட்டியிலும் நாம் பார்த்துப் பழகியது சமதளப் பந்தயம். வழியில் தடுப்பு எதுவும் இருக்காது, தூரமும் குறைவு, ஒன்றிரண்டு நிமிடத்தில் கதை முடிந்துவிடும். ஸ்டீபிள்சேஸில் குறைந்தபட்ச தூரமே இரண்டு மைல், அதாவது சுமார் 3.2 கிலோமீட்டர். கிராண்ட் நேஷனல் ஏறக்குறைய 6.9 கிலோமீட்டர், முப்பது தாவல்கள். ஓடி முடிக்க ஒன்பது நிமிடம் ஆகும்.

இது பிறந்த இடம் அயர்லாந்து. 1752இல் கார்க் மாவட்டத்தில் இரண்டு பேர் பட்டவன்ட் ஊர்த் தேவாலயத்திலிருந்து டோனரேல் ஊர்த் தேவாலயம் வரை, கோபுரத்தைக் குறி வைத்துக்கொண்டு, நடுவில் வந்த வேலி, வாய்க்கால், மதில் எல்லாவற்றையும் தாண்டிப் பந்தயம் கட்டி ஓடினார்கள் என்று சொல்வார்கள். இன்றைக்கும் இந்தப் பந்தயத்துக்கான குதிரைகளில் பெரும்பங்கு அயர்லாந்தின் பண்ணைகளிலிருந்துதான் வருகிறது.

ஹர்டில் வேறு, ஃபென்ஸ் வேறா?

ஆமாம். பிரிட்டனில் ஹர்டில் என்ற தாழ்ந்த தடுப்பு குறைந்தது 1.07 மீட்டர் உயரம். கால் பட்டால் சாய்ந்து கொடுக்கும். ஃபென்ஸ் குறைந்தது 1.37 மீட்டர், பிர்ச் மரக் குச்சிகளை நெருக்கமாக அடைத்துக் கட்டியது. உச்சியில் உரசினால் பரவாயில்லை, நடுவில் மோதினால் குதிரை கவிழும். ஹர்டிலில் தாழ்வாகத் தட்டிக்கொண்டே வேகமாகப் போய் ஜெயித்த குதிரை, ஃபென்ஸுக்கு வந்ததும் சொதப்புவது அடிக்கடி நடக்கும். அங்கே பழகிய கெட்ட பழக்கத்துக்கு இங்கே மன்னிப்பு கிடையாது.

எல்லாக் குதிரையும் தாண்டுமா?

தாண்டும். ஆனால் தாண்டுகிற குதிரையெல்லாம் வேகத்தில் தாண்டாது. டிரெய்னர்கள் குதிரையின் உடலமைப்பில் தோள்சரிவையும் பின்பாகத்தின் பலத்தையும் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் அதற்கு முன்னால் ஒன்றைப் பார்க்கச் சொல்வேன். குதிரை தவறு செய்த பிறகு என்ன செய்கிறது? ஒரு தடுப்பில் காலை இடித்துக்கொண்ட குதிரை, அடுத்ததற்கு வரும்போது காதுகளை முன்னால் நிறுத்தி, கொஞ்சம் நிதானித்துத் தாண்டினால் அதற்கு மூளை இருக்கிறது. இடித்ததையே மறந்துவிட்டு மறுபடி அதேபோல் பாய்ந்தால், எவ்வளவு வேகமிருந்தாலும் அதன் மேல் ஏறுகிறவனுக்கு ஆபத்து.

ரெட் ரம் என்ற குதிரையை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். 1973 முதல் 1977 வரை ஐந்து முறை தொடர்ந்து நேஷனலில் ஓடியது. மூன்று முறை முதலிடம், இரண்டு முறை இரண்டாமிடம். மொத்தம் 150 தாவல்கள், அந்தக் காலத்துக் கொடுமையான வேலிகள், ஒருமுறைகூட விழவில்லை. குளம்பில் நோய் இருந்த குதிரை அது. சவுத்போர்ட் கடற்கரை மணலில்தான் அதைப் பழக்கினார்கள்.

முதல் பாடம் எங்கே தொடங்குகிறது?

தரையில் கிடக்கும் ஒரு கழியில். நடையில் அதன் மேல் கடக்கவிடுவார்கள், பிறகு டிராட் என்ற மெல்லோட்டத்தில். குதிரை தலையைத் தாழ்த்தி, கழியைப் பார்த்து, காலைத் தூக்கி வைக்கிறதா என்பதுதான் அன்றைய பரீட்சை. அது பழகியதும் முழங்கால் உயர மரக்கட்டை, படுக்க வைத்த பீப்பாய், குட்டையான பிர்ச் வேலி என்று உயர்த்துவார்கள்.

அயர்லாந்துப் பண்ணைகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. இருபுறமும் வேலி அடைத்த பாதையிலோ வட்டமான கூடத்திலோ ஆள் ஏறாமல் குதிரையை மட்டும் விட்டுத் தாண்டப் பழக்குவார்கள். முதுகில் யாரும் இல்லை, வாயை இழுக்க லகான் இல்லை. எங்கிருந்து எழும்ப வேண்டும், கால் எங்கே இடிக்கும் என்பதைக் குதிரை தானே கண்டுபிடிக்கும். கிட்டப் போய்விட்டால் ஒரு குட்டி அடி எடுத்து வைத்து எழும்பக் கற்றுக்கொள்ளும். பின்னாளில் நேஷனல் நடுவே ஜாக்கி கணக்குத் தப்பினால் இரண்டு பேரையும் காப்பாற்றப் போவது இந்தக் குட்டி அடிதான்.

ஆள் ஏறிய பிறகு, அனுபவமுள்ள குதிரை ஒன்றை முன்னால் விட்டு, நாலைந்து குதிரை நீளம் பின்னால் புதியதை அனுப்புவார்கள். குதிரை மந்தை மிருகம், முன்னால் போகிறதைப் பார்த்தால் பின்னால் வரும். அடுத்த கட்டமாக இரண்டு புதியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் தாண்ட வைப்பார்கள். பந்தய வேகத்தில் தாண்டிப் பார்ப்பது கடைசியில்தான், அதுவும் சில தடவைதான். நன்றாகத் தாண்டிவிட்டால் அன்றைக்கு அத்தோடு லாயத்துக்குத் திரும்ப வேண்டும். “இன்னும் ஒரே ஒரு தடவை” என்று ஆசைப்பட்டுத்தான் நல்ல பாடத்தைப் பலர் கெடுக்கிறார்கள்.

வேகமாக விரட்டினால்தானே உயரமாகத் தாண்டும்?

இல்லை. இந்த ஒரு நினைப்பை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

குதிரை எழும்புவது பின்னங்கால்களின் பலத்தில். தடுப்புக்கு முன் கடைசிப் பாய்ச்சலில் இரண்டு பின்னங்கால்களையும் வயிற்றுக்கு அடியில் கொண்டுவந்து ஊன்றி, முன்பாகத்தை மேலே தள்ளுகிறது. அதற்கு உடல் எடை பின்னால் இருக்க வேண்டும். விரட்ட விரட்டக் குதிரை நீண்டு தட்டையாகும், எடை முன்தோளுக்குப் போகும், பின்னங்கால்கள் பின்தங்கும். அந்த நிலையில் தாவல் நீளமாகுமே தவிர உயரமாகாது. அப்போது முன்னங்கால்கள் வேலியில் மாட்டும்.

நல்ல ஜாக்கி தடுப்பை நெருங்கும்போது வேகத்தைக் கூட்டுவதில்லை, இழுத்துப் பிடிப்பதும் இல்லை. முன்பிருந்த தாளத்திலேயே வருகிறார், குதிரையின் பின்பாகத்தை மட்டும் உயிரோடு வைத்திருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் அவர் ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும். தாவலில் மிச்சமாகும் நேரமும் அப்படித்தான் வருகிறது. தாளம் குலையாமல் தாண்டிய குதிரை இறங்கிய அடுத்த பாய்ச்சலிலேயே ஓட்டத்தில் இருக்கும். விரட்டித் தாண்டியது தடுமாறி மறுபடி வேகம் பிடிப்பதற்குள் இரண்டு மூன்று குதிரை நீளம் போய்விடும். முப்பது தடுப்பில் அது எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

‘ஸ்ட்ரைட் தெரிகிறது’ என்கிறார்களே, அது என்ன?

ஸ்ட்ரைட் என்றால் குதிரையின் ஒரு பாய்ச்சல்; தடுப்புக்கு இன்னும் எத்தனை பாய்ச்சல் என்பதை முன்கூட்டியே கண்ணால் அளப்பதுதான் இது. ஸ்டீபிள்சேஸ் வேகம் மணிக்கு 45 முதல் 50 கிலோமீட்டர் இருக்கும், விநாடிக்கு 13, 14 மீட்டர். ஒரு பாய்ச்சல் ஆறரை, ஏழு மீட்டர். விநாடிக்கு இரண்டு பாய்ச்சல் என்றால், மூன்று பாய்ச்சல் தூரத்தில் ஜாக்கிக்குக் கையிலிருப்பது ஒன்றரை விநாடி. அதற்குள் கணக்கு சரியாக வருமா, கொஞ்சம் நீட்ட வேண்டுமா, குறுக்க வேண்டுமா என்று முடிவெடுத்துக் குதிரைக்கும் சொல்லியாக வேண்டும்.

சிலருக்கு இந்தக் கண் பிறவியிலேயே உண்டு. மற்றவர்களுக்குப் பழக்கத்தில் வரும். தரையில் இரண்டு கழிகளை இடைவெளிவிட்டுப் போட்டு, நடுவே ஐந்து பாய்ச்சலில் ஒருமுறை, ஆறில் ஒருமுறை, நாலில் ஒருமுறை என்று கேன்டர் என்ற மிதமான பாய்ச்சல் ஓட்டத்தில் கடந்து பழகுவது நல்ல பயிற்சி. தடுப்பே தேவையில்லை, குதிரையின் காலும் தேயாது.

கணக்கு தெரியாவிட்டால்? சும்மா இருங்கள். பாதிக் கணக்கை வைத்துக்கொண்டு கடைசி நொடியில் உதைப்பதும் இழுப்பதும்தான் பெரும்பாலான விழுதல்களுக்குக் காரணம் என்பது என் கணிப்பு. தாளத்தைக் கெடுக்காமல் நேராகக் கொண்டுவந்தால், சரியாகப் பழகிய குதிரை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். படிக்கட்டு இறங்குகிறவன் ஒவ்வொரு படியையும் எண்ணிக்கொண்டா இறங்குகிறான்?

தாண்டும்போது எப்படி உட்கார வேண்டும்?

19ஆம் நூற்றாண்டு முடியும்வரை ஐரோப்பியக் குதிரைப்படையில் பாடம் வேறாக இருந்தது. தாவும்போது பின்னால் சாய், லகானைப் பிடித்துக் குதிரையின் முன்பாகத்தைத் தூக்கு என்பார்கள். இதைத் தலைகீழாக்கியவர் ஃபெடரிக்கோ காப்ரில்லி (1868–1907) என்ற இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி. ஆள் இல்லாமல் தாண்டும் குதிரை தலையையும் கழுத்தையும் எப்படி நீட்டுகிறது என்று பார்த்து, ஏறியிருப்பவன் அதற்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று சொன்னார். அங்கவடியைச் சுருக்கி, சேணத்திலிருந்து எழுந்து, எடையைக் கணுக்காலில் வாங்கி, கையைக் குதிரையின் வாயோடு முன்னால் விடச் சொன்னார். இன்று ஷோ ஜம்பிங்கில் பார்ப்பதெல்லாம் அவர் வழிதான்.

ஸ்டீபிள்சேஸில் இதை அப்படியே செய்தால் தலைகுப்புறப் போக வேண்டியதுதான். குதிரை எழும்பும்போது முன்னால் போகலாம். இறங்கும்போது ஜாக்கியின் கால் முன்னால் நிற்க வேண்டும், உடம்பு நிமிர வேண்டும். ஏனென்றால் இறங்கும் குதிரையின் எடையை முதலில் ஒற்றை முன்னங்கால்தான் வாங்குகிறது. அது மடங்கினால் முன்னால் சாய்ந்திருப்பவர் பறந்துவிடுவார். அந்த நேரத்தில் லகானை விரல்களுக்கு நடுவே நழுவவிட வேண்டும். குதிரை கழுத்தை நீட்டிச் சமாளித்துக்கொள்ளும், ஜாக்கி இடத்தில் இருப்பார், பிறகு இரண்டு பாய்ச்சலுக்குள் லகானைச் சேர்த்துக்கொள்வார். சிலர் ஒரு கையை மட்டும் மேலே வீசிச் சமநிலை பிடிப்பார்கள். அவர் வாடகைக் கார் கூப்பிடுகிறார் என்று லாயக்காரர்கள் கேலி செய்வார்கள்.

புதியவர்களுக்கு ஒரு வழி உண்டு. குதிரையின் கழுத்தில் ஒரு தோல்வாரைக் கட்டிவிடுங்கள், தாவும்போது அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். குதிரையின் வாயைப் பிடித்துத் தொங்குவதைவிட இது எவ்வளவோ மேல். பெரிய ஜாக்கிகளே பிடிக்கிறார்கள், இதில் வெட்கம் ஒன்றுமில்லை.

குதிரைக்குத் தடுப்பு எப்படித் தெரியும்?

நமக்குத் தெரிகிற மாதிரி தெரியாது. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றிலும் நன்றாகப் பார்க்கும், மூக்குக்கு நேர் முன்னால் மட்டும் ஒரு குருட்டுப் பகுதி உண்டு. எனவே தடுப்பைப் பார்த்து அளக்கத் தலையை அசைக்கும் சுதந்திரம் வேண்டும். தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவது அதன் கண்ணைக் கட்டுவதற்குச் சமம்.

நிறத்திலும் வித்தியாசம் உண்டு. நீலமும் மஞ்சளும் அதற்குப் பிரிந்து தெரியும். ஆரஞ்சு பச்சையோடு கலந்துவிடும். பிரிட்டிஷ் மைதானங்களில் வெகுகாலமாகத் தடுப்புகளின் விளிம்புக்கு ஆரஞ்சு அடித்துவந்தார்கள், அது மனிதன் கண்ணுக்குத்தான் பளிச்சென்று இருந்தது. எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆய்வுக்குப் பிறகு வெள்ளைக்கு மாற்றினார்கள். வீட்டில் பழக்குகிறவர்களும் தடுப்பின் அடியில் வெள்ளைக் கழி ஒன்றைக் கொஞ்சம் முன்தள்ளிப் போடலாம். எழும்ப வேண்டிய இடம் குதிரைக்குத் தெளிவாகத் தெரியும்.

என் குதிரை தடுப்பைக் கண்டாலே பறக்கிறது. எப்படி அடக்குவது?

அடக்க வேண்டாம், காரணத்தைத் தேடுங்கள். பாய்ந்து ஓடும் குதிரையைத் தைரியசாலி என்று நினைப்பார்கள். பலநேரம் அது பயந்துபோன குதிரை, சீக்கிரம் முடித்துவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறது. முதுகுவலி, பல் பிரச்சினை, பொருந்தாத சேணம் எதுவும் இல்லையென்று மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்து உங்கள் கையைப் பாருங்கள். ஒவ்வொரு தாவலிலும் வாயில் இழுபட்டால் எந்தக் குதிரையும் ஓடத்தான் பார்க்கும்.

மருந்து, திரும்ப டிராட்டுக்குப் போவதுதான். தாழ்ந்த தடுப்புக்கு முன் சுமார் 2.7 மீட்டரில் தரைக்கழி ஒன்று போட்டு, டிராட்டில் வந்து தாண்டச் செய்யுங்கள். கழி இருப்பதால் குதிரையால் பாய்ந்து எழும்ப முடியாது. தடுப்பை நோக்கி வந்து, பதற்றம் தெரிந்தால் தாண்டாமல் பெரிய வட்டமாகத் திரும்பிப் போங்கள். அமைதியானதும் தாண்டவிடுங்கள். தடுப்பு என்றாலே தாவல் இல்லை என்று அதற்குப் புரிய வேண்டும். மாதக்கணக்கில் ஆகும்.

மறுத்து நின்றால் அடிக்கலாமா?

கூடாது. உயரத்தைக் குறைத்து, முன்னால் ஒரு குதிரையை விட்டுத் தாண்டச் செய்து, அத்தோடு முடியுங்கள். பந்தயத்திலேயே சவுக்குக்கு வரம்பு உண்டு. பிரிட்டனில் 2023இலிருந்து தாண்டும் பந்தயத்தில் ஏழு தடவை, சமதளத்தில் ஆறு. மீறினால் தடை, மிகவும் மீறினால் குதிரையே தகுதி இழக்கும். எழும்பும் நொடியில் அடிப்பது சுத்த முட்டாள்தனம். குதிரை கணக்குப் போடும் நேரத்தில் அதன் கவனத்தைப் பறிக்கிறீர்கள்.

ஷோ ஜம்பிங்கில் நேரத்துக்கு எதிராக ஓடும்போதும் இதே விதிதானா?

அடிப்படை ஒன்று, வேகம் கிடைக்கும் இடம் வேறு. அங்கே நிமிடத்துக்கு 350 முதல் 400 மீட்டர், ஸ்டீபிள்சேஸ் வேகத்தில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் கம்பு விழுந்தால் தண்டனை, சுருக்கமான திருப்பங்கள். ஜெயிப்பது திருப்பத்தில்தான். 350 மீட்டர் வேகத்தில் விநாடிக்கு ஆறு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போகிறீர்கள், ஒரு வளைவில் 12 மீட்டர் சுருக்கினால் இரண்டு விநாடி லாபம். அதற்குக் குதிரை காற்றில் இருக்கும்போதே நீங்கள் அடுத்த தடுப்பைப் பார்க்க வேண்டும், உள்பக்க லகானை லேசாகத் திறக்க வேண்டும். போக வேண்டிய திசைக்கான காலை முன்வைத்துக் குதிரை இறங்கும். இதை முதலில் தரைக்கழியின் மேல் பழக்குங்கள். எடுத்தவுடனே உயரமான தடுப்பில் பழக்கினால் குதிரை கோணலாகத் தாண்டக் கற்றுக்கொள்ளும்.

கிராஸ் கன்ட்ரியில் இந்தியர்கள் யாராவது உண்டா?

பெங்களூருவின் ஃபவாத் மிர்சா. கிராஸ் கன்ட்ரியையும் ஒரு சுற்றாகக் கொண்ட ஈவென்டிங் போட்டியில், 2018 ஆசிய விளையாட்டில் தனிநபர் வெள்ளியும் குழு வெள்ளியும் வாங்கியவர். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் செனியோர் மெடிகாட் என்ற குதிரையில் இறுதிச் சுற்றுவரை வந்து 23ஆம் இடம் பிடித்தார். அங்கே கிராஸ் கன்ட்ரியில் தடுப்பில் ஒரு தவறும் இல்லை, ஆனால் குறித்த நேரம் 7 நிமிடம் 45 விநாடி, அவர் முடித்தது 8 நிமிடம் 13. தாமதமான ஒவ்வொரு விநாடிக்கும் 0.4 புள்ளி என்பதால் 28 விநாடிக்கு 11.2 புள்ளி தண்டனை. பாதுகாப்பாகத் தாண்டினால் போதாது, தடுப்புக்கும் தடுப்புக்கும் இடையில் நேரத்தை வீணாக்காமல் இருக்கவும் தெரிய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடைக்காது.

ஜாக்கிகள் குள்ளமாகத்தான் இருக்க வேண்டுமா?

சமதளத்தில் ஏறக்குறைய ஆமாம். தாண்டும் பந்தயத்தில் சுமக்கும் எடை 63 கிலோவுக்கு மேல் என்பதால் உயரமானவர்களும் உண்டு. இருபது முறை சாம்பியனான ஏ.பி. மெக்காய் 1.78 மீட்டர். பெண்களாலும் முடியும் என்பதை 2021இல் ரேச்சல் பிளாக்மோர் நேஷனலை ஜெயித்துக் காட்டிவிட்டார்.

விழுந்தால் என்ன செய்வார்கள்?

சுருண்டுகொள்வார்கள். லகானை விட்டுவிட்டு, முகவாயை மார்பில் அழுத்தி, தோளால் உருண்டு, பின்னால் வருகிற குதிரைகள் எல்லாம் கடக்கும்வரை அசையாமல் கிடப்பார்கள். கிடப்பவனை மிதிக்காமல் போகக் குதிரை முடிந்தவரை முயலும். எழுந்து ஓடுகிறவன் எந்தப் பக்கம் போவான் என்று அதற்குத் தெரியாது. ஹெல்மெட்டும் உடல்கவசமும் கட்டாயம். ஆனாலும் முதுகெலும்பு முறிந்தவர்கள் இருக்கிறார்கள். டிம் புரூக்‌ஷா, பேடி ஃபாரெல் என்ற இரண்டு ஜாக்கிகள் அப்படி முடங்கிப்போன பிறகுதான் 1964இல் காயமடைந்த ஜாக்கிகளுக்கான நிதி தொடங்கியது.

இது குதிரைக்குக் கொடுமை இல்லையா?

கேட்க வேண்டிய கேள்விதான். குதிரைகள் சாகின்றன, அதை மூடி மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் என்ன மாற்றினார்கள் என்று கவனித்தால் ஒன்று புரியும். 2013இல் ஏன்ட்ரீ வேலிகளுக்குள் இருந்த மரச்சட்டத்தை எடுத்துவிட்டு, வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக்கை வைத்தார்கள். 2024இல் ஓடும் குதிரைகளை 40இலிருந்து 34 ஆக்கினார்கள், முதல் தடுப்பைத் தொடக்கக் கோட்டுக்கு 60 கெஜம் நெருக்கமாகக் கொண்டுவந்தார்கள். ஏன் நெருக்கமாக? தூரம் இருந்தால் எல்லோரும் முதல் தடுப்புக்குள் முழு வேகம் பிடித்துவிடுகிறார்கள், அங்கேதான் குவியலாக விழுந்தார்கள். உயரத்தைக் குறைத்தால் மட்டும் போதும் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். வேலி குட்டையானால் ஜாக்கிகள் இன்னும் விரட்டுவார்கள். கூட்டத்தை இன்னும் குறைக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆள் விழுந்த குதிரை தொடர்ந்து ஓடுகிறதே, அது ஜெயித்தால்?

கணக்கில் வராது. ஆனால் மற்றவர்களைக் கெடுக்கும். 1967இல் 23ஆவது தடுப்புக்கு முன் ஆளில்லாத குதிரை ஒன்று குறுக்கே ஓடியதில் கூட்டமே நின்றுபோனது. வெகு பின்னால் வந்துகொண்டிருந்த ஃபொய்னாவன் மட்டும் இடைவெளி பார்த்துத் தாண்டி, ஒன்று கட்டினால் நூறு என்ற பந்தய விலையில் ஜெயித்தது. அந்தத் தடுப்புக்கு இப்போது அதன் பெயர்தான்.

நான் இப்போதுதான் குதிரையேற்றம் கற்கிறேன். எப்போது வேகத்தில் தாண்டலாம்?

சென்னையிலோ பெங்களூருவிலோ ரைடிங் பள்ளியில் சேர்ந்திருந்தால், அங்கே கிடைப்பது ஷோ ஜம்பிங் பாடமாகத்தான் இருக்கும், அது போதும். அங்கவடி இல்லாமல் டிராட்டில் பத்து நிமிடம் லகானில் தொங்காமல் உட்கார முடிகிறதா? கேன்டரில் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, மறுபடி அதே தாளத்துக்கு வர முடிகிறதா? 60 செ.மீ. தடுப்புகள் நாலைந்தை ஒரே தாளத்தில் தாண்ட முடிகிறதா? மூன்றுக்கும் உங்கள் ஆசிரியர் ஆமாம் என்றால், வயதான, எல்லாம் தெரிந்த குதிரை ஒன்றைக் கேட்டு வாங்கி அதன் மேல் தொடங்குங்கள். புதிய குதிரையும் புதிய ஆளும் சேர்ந்து கற்றுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.